புதுத் துப்பாக்கி: ஒரு டாக்டரின் முதல் பார்வை

1/ புதுசா செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் வாங்கினவங்க கிட்ட "எப்படி இருக்கு?"ன்னு கேளுங்க. நாலு விஷயம்தான் சொல்வாங்க. எடை, உதை, சத்தம், வேகம். யூடியூப்ல பார்த்தாலும் இதே நாலுதான். நிலக்கோட்டையில அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற ஒரு எம்பிபிஎஸ் டாக்டர் அதே நாலையும் பார்த்தா என்ன தோணும்? அதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/ பூ மார்க்கெட் ஊருக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலை அடிவாரம். தோட்டத்துல தனி வீடு, ராத்திரியில காட்டுப்பன்னி, திருட்டு பயம். "லைசென்ஸ் போட்டு ஒண்ணு வாங்கி வெச்சா என்ன டாக்டர்?"னு கேக்கிறவங்க இருக்காங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் முறைப்படி உரிமம் எடுத்து வாங்கியே விட்டார். வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டவும் செஞ்சார்.

3/ தெரியாதவங்களுக்குச் சின்ன அறிமுகம். ஷாட்கன் தோட்டாவுக்குள்ள ஒரே குண்டு இருக்காது, பெரும்பாலும் நிறைய சின்னச் சின்ன ஈயக்குண்டுகள் இருக்கும். 12 போர்னா என்ன? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையா உருட்டினா ஒரு உருண்டை எவ்வளவு அகலம் இருக்குமோ, அதுதான் குழலோட அகலம். சுமார் 18.5 மில்லிமீட்டர்.

4/ நம்ம தாத்தா காலத்துல பார்த்தது ஒத்தைக்குழல், ரெட்டைக்குழல். சுட்டதும் மடக்கித் திறந்து, கையால வேற தோட்டா போடணும். பம்ப் ஆக்‌ஷன்ல முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளணும். நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையே 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி செய்யுது. செமி ஆட்டோமேட்டிக்ல அந்த வேலையும் இல்ல. சுட்ட வேகத்துலயே காலித் தோட்டா வெளிய போய், அடுத்தது தானா உள்ள வந்து உட்காரும். விசையை ஒரு தடவை அழுத்தினா ஒரு வெடி. 1900களின் தொடக்கத்துல ஜான் பிரவுனிங்னு ஒரு அமெரிக்கர் வடிவமைச்சு, பெல்ஜியத்துல தயாரிச்சு, உலகம் பூரா பரவின தொழில்நுட்பம் இது.

5/ முதல்ல எடை. மூணு, மூணரை கிலோ. வாங்கினவருக்குக் கையில எடுத்ததும் "கெத்தா இருக்கு". எனக்குத் தோணினது வேற. மூணு கிலோங்கிறது பிறந்த குழந்தையோட எடை. பத்து வயசுப் பையன் சாதாரணமா தூக்குவான். "பசங்களால தூக்க முடியாது சார், அதனால பீரோ மேல வெச்சிருக்கேன்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நீங்க எங்க வெச்சிருக்கீங்கன்னு உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு உங்களை விட நல்லா தெரியும்.

6/ அடுத்தது உதை. 12 போர் தோள்பட்டையில நல்லா இடிக்கும். சரியா அணைச்சுப் பிடிக்கலைன்னா தோள் கன்னிப்போகும். வாயுவால இயங்கும் செமி ஆட்டோமேட்டிக்ல அந்த உதை குறைவாத் தெரியும், அதைத்தான் பெரிய வசதின்னு விளம்பரம் பண்றாங்க. உடம்புக்கு நல்லதுதான். ஆனா சுடுறவருக்கு வலி குறைஞ்சா, எதிர்ல நிக்கிறவருக்கும் குறைஞ்சிடாது. அந்தப் பக்கம் போற ஈயம் அதே ஈயம்தான்.

7/ மூணாவது சத்தம். இதை யாரும் சீரியஸா எடுத்துக்கிறது இல்ல. 140 டெசிபலுக்கு மேல ஒரு வெடிச்சத்தம் காதுல விழுந்தா, ஒரே தடவையில நிரந்தரமா கேட்கும் திறன் போகலாம். ஷாட்கன் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். உள்காதுல செத்துப்போன நரம்புச் செல் திரும்ப முளைக்காது. மருந்து கிடையாது. காதுல "கொய்ங்ங்"னு இரைச்சல் மட்டும் மிச்சம் இருக்கும். காது மூடி இல்லாம ஒரு தோட்டா கூட சுடாதீங்க, பக்கத்துல வேடிக்கை பார்க்கவும் நிக்காதீங்க.

8/ நாலாவது வேகம். இதுதான் என்னைக் கவலைப்பட வெச்சது. ரெட்டைக்குழலை மடக்கித் திறந்தா, உள்ள தோட்டா இருக்கா இல்லையான்னு கண்ணுக்கு நேரா தெரியும். செமி ஆட்டோமேட்டிக்ல ஒரு வெடி முடிஞ்சதும் அடுத்த தோட்டா உள்ள தயாரா உட்கார்ந்திருக்கும். வெளிய இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. "சுட்டாச்சு, காலி"ன்னு நினைச்சு ஒருத்தர் சுவத்துல சாத்துவார், அடுத்தவர் கையில வாங்கி விளையாட்டா நீட்டுவார். துப்பாக்கி காலியா இருக்குன்னு நினைச்ச இடத்துலதான் விபத்தே நடக்குது.

9/ ஷாட்கன் குண்டு "சிதறிப் போகும், பெருசா ஒண்ணும் ஆகாது"ன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. சிதற தூரம் வேணும். ஒரு ரூமுக்குள்ள, மூணு மீட்டர்ல, அது சிதறாது. எல்லாம் ஒரே கட்டியாத்தான் உள்ள போகும். கூடவே தோட்டாவுக்குள்ள இருக்கிற அடைப்பு, போட்டிருக்கிற சட்டைத்துணி, அழுக்கு எல்லாம் காயத்துக்குள்ள போகும். இதுக்கு மேல விவரிக்க விரும்பல.

10/ அப்படி ஒருத்தர் வந்தா தாலுகா அளவு ஆஸ்பத்திரியில என்ன செய்ய முடியும்? மூச்சுக்குழாயைக் காப்பாத்துவோம், ரத்தத்தை அழுத்தி நிறுத்துவோம், ரெண்டு கையிலயும் ஐவி போடுவோம், ஏ.ஆர். எழுதி போலீசுக்குத் தகவல் கொடுப்போம், 108ல திண்டுக்கல் மெடிக்கல் காலேஜுக்கோ மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவோம். போற நேரம் எப்படியும் அரை மணிக்கு மேல. பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சவருக்கு அந்த நேரம் கிடைக்காது.

11/ சரி, இப்ப முக்கியமான கேள்வி. வீட்டுல இருக்கிற துப்பாக்கி யாரைச் சுடும்? வாங்கும்போது மனசுல ஓடுற படத்துல ஒரு திருடன் இருப்பான், இல்ல ஒரு பன்னி இருக்கும். உலகத்துல துப்பாக்கி அதிகமா இருக்கிற நாட்டோட கணக்கு வேற மாதிரி சொல்லுது.

12/ அமெரிக்காவுல 2021ல துப்பாக்கியால இறந்தவங்க 48,830 பேர். அதுல 54 சதவீதம் தற்கொலை. பாதிக்கு மேல! சினிமாவுல பார்க்கிற கொள்ளைக்காரன், கேங் சண்டை எல்லாம் சேர்த்தாலும் மீதிக்குள்ளதான் வரும்.

13/ கலிஃபோர்னியாவுல ரெண்டரைக் கோடிக்கும் மேலான பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஒரு ஆய்வு 2020ல வந்துச்சு. கைத்துப்பாக்கி வெச்சிருந்த ஆண்கள், வெச்சிருக்காத ஆண்களை விட, துப்பாக்கியால தற்கொலை பண்ணிக்க 8 மடங்கு வாய்ப்பு அதிகம். பெண்களுக்கு 35 மடங்கு. அது கைத்துப்பாக்கி, இது நீளத் துப்பாக்கின்னு சொல்லலாம். மனசு உடைஞ்ச ராத்திரியில எது கைக்கு எட்டுதோ அதுதான் கணக்கு. நீளம் யாரையும் காப்பாத்தாது.

14/ "அது அமெரிக்கா டாக்டர், இது நிலக்கோட்டை"ன்னு சொல்வீங்க. ஒத்துக்கிறேன். இங்க துப்பாக்கிச் சாவு அபூர்வம். ஆனா தற்கொலை அபூர்வம் இல்ல. 2022ல தமிழ்நாட்டுல மட்டும் 19,834 பேர். இந்தியாவுல மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாமதான். நம்ம பக்கத்து கேஷுவாலிட்டியில வேலை பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வாங்க, விஷம் குடிச்சு வராத வாரம் அபூர்வம். தோட்டத்துக்கு வாங்கி வெச்ச மருந்து, வீட்டுக்குள்ளயே இருந்தது, கோபத்துல எடுத்தாச்சு. கதை பெரும்பாலும் இதேதான்.

15/ இதுல ரொம்பப் பேருக்குத் தெரியாத ஒண்ணு. தற்கொலை எண்ணம் பல பேருக்கு ஒரு அலை மாதிரி வந்து போகும். ஆஸ்திரியாவுல முயற்சி செஞ்சு பிழைச்சவங்க கிட்ட கேட்டப்ப, கிட்டத்தட்ட பாதிப் பேர் சொன்னது: முதல் எண்ணம் வந்ததுக்கும் செஞ்சதுக்கும் நடுவுல 10 நிமிஷம் கூட இல்ல. இன்னொண்ணு. முயற்சி செஞ்சு பிழைச்சவங்கள்ல 10ல 9 பேர் அதுக்கப்புறம் தற்கொலையால சாகிறது இல்ல. வாழ்ந்துடறாங்க. கல்யாணம், பேரப்பிள்ளைன்னு நல்லா வாழ்றாங்க.

16/ ஆக, அந்த 10 நிமிஷம் கையில என்ன கிடைக்குதுங்கிறதுதான் உயிரா சாவான்னு முடிவு பண்ணுது. இலங்கையைப் பாருங்க. 1995ல இருந்து அதிக விஷமான பூச்சிமருந்துகளை ஒவ்வொண்ணா தடை பண்ணாங்க. அடுத்த 20 வருஷத்துல தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைஞ்சது. அந்த 20 வருஷத்துல போரும் நடந்துச்சு, சுனாமியும் வந்துச்சு. மக்களோட கஷ்டம் தீரல. கைக்கு எட்டின விஷம் மாறுச்சு, அவ்வளவுதான்.

17/ நம்ம அரசாங்கமும் இதே யோசனையிலதான் 2022-23ல 6 பூச்சிமருந்துகளை 60 நாளைக்குத் தடை பண்ணுச்சு. எலி பேஸ்டுக்கும் தடை வந்துச்சு. இஸ்ரேல் ராணுவம் 2006ல ஒரு சின்ன மாற்றம் பண்ணுச்சு. வார லீவுக்கு வீட்டுக்குப் போற சிப்பாய்கள் துப்பாக்கியை முகாம்லயே வெச்சுட்டுப் போகணும். தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைஞ்சது. துப்பாக்கியும் அங்கதான் இருக்கு, ஆளும் அதே ஆள்தான். நடுவுல கொஞ்சம் தூரம் வந்துச்சு.

18/ விஷம் குடிச்சவரைக் கொண்டு வந்தா எங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு. அட்ரோபின் இருக்கு, வென்டிலேட்டர் இருக்கு, பல பேரைத் திருப்பி அனுப்பியிருக்கோம். துப்பாக்கியில அந்த வாய்ப்பு பெரும்பாலும் இல்ல. 10ல சுமார் 9 பேர் பிழைக்கிறது இல்ல. பூச்சிமருந்தைப் பூட்டி வைங்கன்னு தொண்டை கிழியக் கத்துற ஒரு டாக்டர், அதே வீட்டுக்குள்ள ஷாட்கன் வர்றதைப் பார்த்து எப்படிச் சந்தோஷப்பட முடியும்?

19/ இப்ப உங்க பக்கத்து நியாயம். "தோட்டத்துல தனியா இருக்கோம், கொள்ளைக்காரன் வந்தா?" 2024ல பல்லடம் பக்கம், 2025ல சிவகிரி பக்கம் தோட்டத்து வீட்டுல நடந்த கொலைகளைப் படிச்சவங்க யாருக்கும் வயிறு கலங்கும். அந்தப் பயத்தை நான் கேலி பண்ண மாட்டேன். வயசான அம்மா அப்பாவைத் தோட்டத்துல விட்டுட்டு வெளியூர்ல இருக்கிறவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

20/ ஆனா யோசிச்சுப் பாருங்க. துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவைத் தனியா வெச்சா, நடுராத்திரி கதவை உடைக்கிறப்ப அது கைக்கு வராது. தலைமாட்டுல தோட்டா போட்டு வெச்சா, மீதி எல்லா ராத்திரியும் அது உங்க வீட்டு ஆளுங்களுக்குப் பக்கத்துல படுத்திருக்கும். இந்த முடிச்சை எந்த மாடலும் அவிழ்க்கல. நாய், வெளிச்சம், நல்ல கதவு, கேமரா, கூப்பிட்டா வர்ற பக்கத்துத் தோட்டத்துக்காரர், போலீஸ் ரோந்து. இதெல்லாம் சாதாரணமாத் தெரியும். ஆனா இதுல எதுவும் உங்க பேரனைச் சுடாது.

21/ கோபத்தையும் கணக்குல சேருங்க. 2020 நவம்பர்ல நம்ம மாவட்டம் பழனியில, பட்டப்பகல்ல, ஒரு நிலத்தகராறுல வயசான ஒருத்தர் சுட்டார். ரெண்டு பேருக்குக் காயம், அதுல ஒருத்தர் இறந்துட்டார். முகமூடித் திருடன் யாரும் இல்ல. தெரிஞ்சவங்க, பேச்சு, வாய்த்தகராறு. வரப்புச் சண்டை இல்லாத ஊர் நம்ம மாவட்டத்துல எங்க இருக்கு? கையில கம்பு இருந்தா ஏழு தையலோட எங்க கிட்ட வருவாங்க. துப்பாக்கி இருந்தா பிணவறைக்குப் போவாங்க.

22/ "காட்டுப்பன்னிக்கு?" உரிமம் இருக்கிறதால பன்னியைச் சுடலாம்னு அர்த்தம் இல்ல. அது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது. 2025 ஜனவரியில தமிழக அரசு அறிவிச்சது என்னன்னா, காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு மேல வெளிய வர்ற பன்னியை வனத்துறை சுடும். 1 கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. நடுவுல உள்ளதைப் பிடிச்சுக் காட்டுல விடணும். விவசாயி சுடலாம்னு அதுல எங்கயும் இல்ல. கேரளாவுல 2022ல உள்ளாட்சித் தலைவர்கள் அனுமதி கொடுத்தா உரிமம் உள்ளவங்க சுடலாம்னு கொண்டு வந்தாங்க. அது அந்த ஊர்ச் சட்டம். இங்க சுட்டா வழக்கு உங்க மேல. நாட்டுத் துப்பாக்கி, அவுட்டுக்காய் பக்கம் தலைவெச்சுக் கூடப் படுக்காதீங்க.

23/ விளையாட்டுக்கு? தாராளமா. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் ஷாட்கன் பிரிவுலதான் 2023ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல அணியோட தங்கம் வாங்கினார், 2024ல பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போனார். அந்த மைதானத்துல சுடுற இடத்துக்கு வந்து, முறை வந்த பிறகுதான் தோட்டாவே போடணும். காது மூடி, கண்ணாடி, மேற்பார்வை எல்லாம் உண்டு. ஆசை இருந்தா கிளப்புல சேருங்க. அங்க இருக்கிற ஒழுங்கு வீட்டுப் பீரோவுல கிடையாது.

24/ மிச்சம் இருக்கிறது கௌரவம். நேராவே பேசலாம். நிலக்கோட்டை பாளையக்காரர் ஊர். ஆயுதம் வெச்சிருக்கிறவர் பெரிய மனுஷன்ங்கிற நினைப்பு மண்ணுலயே ஊறியிருக்கு. 1878ல ஆங்கிலேயர் உரிமச் சட்டம் கொண்டு வந்த பிறகு, உரிமமே ஒரு பட்டம் மாதிரி ஆயிடுச்சு. கல்யாண வீட்டுல வானத்தைப் பார்த்துச் சுடுறது இந்தக் கௌரவத்தோட வால். 2019 திருத்தச் சட்டப்படி அதுக்கு 2 வருஷம் வரை ஜெயில், இல்ல 1 லட்ச ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். மேல போன குண்டு கீழ வந்துதான் ஆகணும்.

25/ என் துறை மேலயும் ஒரு கேள்வி வைக்கிறேன். உரிமத்துக்கு மருத்துவச் சான்று வேணும். உடம்பு நல்லா இருக்கு, மனநலம் நல்லா இருக்கு, போதைக்கு அடிமை இல்லன்னு டாக்டர் எழுதிக் கொடுக்கணும். வரிசை கேட்டைத் தாண்டி நிக்கிற ஓபியில ஒருத்தருக்குக் கிடைக்கிறது சில நிமிஷம். கண், காது, தோள் பார்க்கலாம். ராத்திரி எத்தனை குவார்ட்டர், வீட்டுல கை நீட்டுவாரா, போன மாசம் கடன் நெருக்கடியில "செத்துடலாம்"னு சொன்னாரான்னு அந்தச் சில நிமிஷத்துல எப்படித் தெரியும்? உரிமம் 5 வருஷம் செல்லும். 5 வருஷத்துல ஒரு மனுஷனோட மனசு எத்தனை தடவை மாறும்!

26/ இதெல்லாம் தெரிஞ்ச ஒரு ஆள் வீட்டுலயே இருக்காங்க. மனைவி. அவங்க கிட்ட யாரும் தனியாக் கேக்கிறது இல்ல. கனடாவுல துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிச்சா, துணைவருக்குத் தெரியாம அது நகராது. சமீபத்துல பிரிஞ்ச துணைவருக்கும் தகவல் போகும். நம்ம ஊர்லயும் உரிமம் கொடுக்கிறதுக்கு முன்னாடியும், ஒவ்வொரு புதுப்பித்தலுக்கு முன்னாடியும், வீட்டுப் பெண்கள் கிட்ட தனியா, ரகசியமா, ஒரே ஒரு கேள்வி கேட்கணும்: "இது வீட்டுல இருக்கிறது உங்களுக்குப் பயமா இருக்கா?" சான்று கொடுக்கிற வேலையையும் தனியா நேரம் ஒதுக்கி, மனநல மருத்துவரோட சேர்ந்து செய்யணும். இது என் சொந்தக் கருத்து.

27/ "வீட்டுல துப்பாக்கி இல்லாம எப்படி?"ன்னு கேக்கிற உரிமதாரர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகப்படுத்துறேன். தேர்தல் அறிவிச்சா பெரும்பாலான உரிமதாரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். 2024ல மார்ச் 16ல அறிவிப்பு, ஜூன் 4ல முடிவு. கிட்டத்தட்ட 80 நாள். அந்த 80 நாளும் நீங்க தூங்கினீங்க, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சினீங்க, பூ பறிச்சு மார்க்கெட்டுக்கு அனுப்பினீங்க. துப்பாக்கி இல்லாம இருக்க முடியும்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க.

28/ ஏற்கெனவே வாங்கிட்டவங்க செய்ய வேண்டியது:
தோட்டா அறையை ஒவ்வொரு தடவையும் கண்ணால பாருங்க, விரலால தொட்டும் பாருங்க. யார் "காலி"ன்னு சொன்னாலும் நம்பாதீங்க.
துப்பாக்கி ஒரு பூட்டு, தோட்டா வேற ரூம்ல வேற பூட்டு. ரெண்டு சாவியும் ஒரே ஆள்கிட்ட வேண்டாம்.
குடிச்ச அன்னைக்குத் தொடவே தொடாதீங்க.
பிள்ளைங்களுக்குக் காட்டி பெருமைப்படாதீங்க, போட்டோ எடுக்கக் கொடுக்காதீங்க.

29/ இதுல எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. வீட்டுல யாருக்காவது மனசு சரியில்ல, கடன் கழுத்தை நெரிக்குது, பரீட்சையில போச்சு, காதல்ல சிக்கல், குடி அதிகமாச்சு, விவாகரத்துப் பேச்சு ஓடுது. அன்னைக்கே துப்பாக்கியை வெளிய அனுப்புங்க. ஆயுதச் சட்டப்படி போலீஸ் ஸ்டேஷன்லயோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரிகிட்டயோ ஒப்படைச்சு ரசீது வாங்கலாம். யாரும் கேவலமா நினைக்க மாட்டாங்க. நிலைமை சரியானதும் திரும்ப வாங்கிக்கலாம். பூச்சிமருந்துக்கும் இதே விதிதான். அதைத் தோட்டத்து செட்டுல பூட்டுங்க, வீட்டுக்குள்ள வேண்டாம்.

30/ "சாகணும்னு தோணுதா?"ன்னு நேரா கேட்டா எண்ணத்தைத் தூண்டிடும்னு பயப்படாதீங்க. தூண்டாது. பல பேருக்கு யாராவது கேட்க மாட்டாங்களான்னுதான் இருக்கும். கேளுங்க, பக்கத்துல உட்காருங்க, தனியா விடாதீங்க. 104க்கு போன் பண்ணலாம். டெலி-மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசுவாங்க. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, திட்ட மாட்டோம்.

31/ துப்பாக்கி காட்டின அந்த நண்பர்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டார், "தோட்டாவை என் தம்பி வீட்டுல வெச்சா சட்டப்படி சரியா?" சட்டப்படி சரியில்ல, உரிமம் இல்லாதவர்கிட்ட கொடுக்கக் கூடாது. ஆனா கேள்வி சரியான திசையில இருந்துச்சு. ரெண்டு பூட்டு, ஒரு சாவி மனைவிகிட்டன்னு முடிவு பண்ணியிருக்கார்.

32/ உங்களுக்குத் தெரிஞ்ச உரிமதாரர் யாராவது இருந்தா இந்த இழையை அனுப்பி வைங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டூட்டி முடிஞ்சு பதில் போடறேன். எந்த மாடல் நல்லதுன்னு மட்டும் கேக்காதீங்க.